பிள்ளைகள் கற்றது அடியையா, அனுமதியையா?

2023 ஆகஸ்ட் 9ஆம் தேதி இரவு, திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில் பட்டியல் சாதிக் குடும்பம் ஒன்றின் வீட்டுக்குள் பள்ளி மாணவர்கள் சிலர் அரிவாளோடு புகுந்தார்கள். பன்னிரண்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த 17 வயதுப் பையனை வெட்டினார்கள். அண்ணனைக் காப்பாற்றக் குறுக்கே வந்த தங்கையையும் வெட்டினார்கள். வெட்டியவர்கள் அவனோடு ஒரே பள்ளியில் படித்தவர்கள். நன்றாகப் படிக்கிற அந்தப் பையனைச் சாதி சொல்லிச் சீண்டியும், எடுபிடி வேலை ஏவியும் வந்திருக்கிறார்கள். பொறுக்க முடியாமல் அவன் பள்ளிக்குப் போவதையே நிறுத்தினான். ஆசிரியர்கள் விசாரித்தபோது நடந்ததைச் சொன்னான், எழுதியும் கொடுத்தான். அந்தப் புகாருக்குப் பதிலாகத்தான் அரிவாள் வந்தது.

இந்த வயதில் இவ்வளவு வன்மம் எங்கிருந்து வந்தது என்று அன்று எல்லோரும் கேட்டோம். பதில்களும் உடனே வந்தன. சினிமா கெடுக்கிறது, செல்போன் கெடுக்கிறது, பெரியவர்களைப் பார்த்துச் செய்கிறார்கள், வயசுக் கோளாறு என்று நாலைந்து பதில்கள் ஒவ்வொரு சம்பவத்துக்குப் பிறகும் திரும்பத் திரும்பச் சொல்லப்படுகின்றன. அவற்றில் எது எவ்வளவு எடை தாங்கும் என்று யாரும் நிதானமாகப் பார்ப்பதில்லை. பார்த்தே ஆக வேண்டும், ஏனென்றால் ஒவ்வொரு பதிலும் கையோடு ஒரு மருந்தையும் கொண்டுவருகிறது. நோயைத் தவறாகக் கணித்தால் மருந்தும் தவறும். அந்தத் தவறுக்கு விலை கொடுப்பது இன்னொரு வீட்டுப் பிள்ளை.

இந்தக் கட்டுரை அந்தப் பதில்களை ஒவ்வொன்றாக எடுத்து உரசிப் பார்க்கிறது.

பொம்மையை அடித்த குழந்தைகள்

'பிள்ளைகள் பார்த்ததைச் செய்கிறார்கள்' என்பதற்கு உலகம் முழுக்கக் காட்டப்படும் சான்று ஆல்பர்ட் பாண்டூரா 1961இல் வெளியிட்ட ஆய்வு. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மழலையர் பள்ளியில் 72 குழந்தைகளை வைத்து அதை நடத்தினார். குழந்தைகளுக்கு மூன்று முதல் ஆறு வயதுக்குள் இருக்கும். ஒரு பிரிவுக் குழந்தைகளின் கண்முன்னே பெரியவர் ஒருவர் காற்றடைத்த 'போபோ' பொம்மையைக் குத்தினார், அதன்மேல் ஏறி உட்கார்ந்தார், சுத்தியலால் அடித்தார். இன்னொரு பிரிவு அமைதியாக விளையாடும் பெரியவரைப் பார்த்தது. மூன்றாவது பிரிவு யாரையும் பார்க்கவில்லை. பிறகு குழந்தைகளைத் தனித்தனியே அந்தப் பொம்மையோடு விட்டபோது, அடியைப் பார்த்தவர்கள் அதே அடியை, அதே சொற்களோடு திருப்பிச் செய்தார்கள். அடிப்பதில் பையன்கள் பெண் குழந்தைகளை மிஞ்சினார்கள்.

இந்த ஆய்வைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் இதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ஆனால் நமக்கு அதிகம் உதவுவது பாண்டூரா 1965இல் வெளியிட்ட அடுத்த ஆய்வுதான். இம்முறை குழந்தைகள் பார்த்த படத்துக்கு மூன்று முடிவுகள் இருந்தன. ஒன்றில் பொம்மையை அடித்தவருக்குப் பாராட்டும் தின்பண்டமும் கிடைத்தன. இன்னொன்றில் அவருக்குத் திட்டும் அடியும் விழுந்தன. மூன்றாவதில் எதுவுமே நடக்கவில்லை. அடித்தவர் தண்டிக்கப்பட்டதைப் பார்த்த குழந்தைகள் குறைவாகவே அடித்தார்கள். பிறகு, 'அவர் செய்ததைச் செய்துகாட்டினால் பரிசு' என்று சொன்னதும் மூன்று பிரிவினரும் ஏறக்குறைய ஒரே அளவில் அத்தனையையும் செய்துகாட்டினார்கள்.

அதாவது, அடிப்பது எப்படி என்று எல்லாக் குழந்தைகளும் கற்றுக்கொண்டுவிட்டார்கள். கற்றதை எப்போது வெளியே எடுக்கலாம் என்பதைத்தான் விளைவைப் பார்த்து முடிவுசெய்தார்கள். முதல் ஆய்வு பார்த்தால் கற்பார்கள் என்று சொன்னது. இரண்டாவது, கற்றவர்கள் எல்லோரும் செய்துவிடுவதில்லை, செய்யலாம் என்ற சைகைக்காகக் காத்திருக்கிறார்கள் என்று சொன்னது. 'பார்த்துச் செய்கிறார்கள்' என்ற பதில் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு இரண்டாம் பாதியை விட்டுவிடுகிறது.

இந்த ஆய்வுகளுக்குள்ள எல்லையையும் சொல்லிவிட வேண்டும். போபோ அடிப்பதற்கென்றே செய்த பொம்மை, அடித்தால் விழுந்து எழும். அதை அடிப்பது விளையாட்டா, வன்முறையா என்ற கேள்வியை விமர்சகர்கள் அப்போதே எழுப்பினார்கள். நம் விஷயத்துக்கு அதைவிட முக்கியமான குறை வேறு. அந்தப் பொம்மைக்குத் தெரு இல்லை, ஊர் இல்லை, சாதி இல்லை. எந்தக் குழந்தையும் அதை அடிக்கலாம். நாங்குநேரியில் நடந்தது அப்படியா? வெறும் பார்த்துப் பழகிய வன்முறை என்றால் அது கண்ட பக்கமெல்லாம் சிதறியிருக்கும். தம்பியிடம், பக்கத்து வீட்டுப் பையனிடம், தன்னைவிட வசதியான முதலாளி வீட்டுப் பிள்ளையிடம் எல்லாம் அரிவாள் போயிருக்கும். அப்படிப் போவதில்லை. அது ஒரு குறிப்பிட்ட தெருவுக்கு, ஒரு குறிப்பிட்ட வீட்டுக்குப் போகிறது. அடியைப் பார்த்துப் பழகலாம். அந்த முகவரியை யார் கற்றுக்கொடுத்தது?

சினிமாமீது போடும் பழி

அடுத்த பதில் சினிமா. இதை முழுதாகத் தள்ளிவிட முடியாது. தென்மாவட்டங்களில் அரிவாளுக்கு ஒரு நாயகக் களையை ஏற்றியதில் தமிழ் சினிமாவுக்குப் பங்குண்டு. ஊர்த் திருவிழாவிலும் தலைவர் பிறந்தநாள் ஊர்வலத்திலும் ஒலிபெருக்கியில் போடுவதற்கு ஒவ்வொரு சாதிக்கும் பாட்டுகள் இருக்கின்றன. அவற்றில் பல சினிமாவிலிருந்து வந்தவை.

ஆனால் 1992இல் வந்த 'தேவர் மகன்' படத்தின் கதையைப் பார்த்தால் இந்தப் பதிலின் பலவீனம் தெரியும். அந்தப் படம் வன்முறையைத் துக்கமாகக் காட்டி, அரிவாளைக் கீழே போடச் சொல்லி, பிள்ளைகளைப் படிக்க வைக்கச் சொல்லி முடிகிறது. படத்துக்கு வெளியே சமூகம் எடுத்துக்கொண்டது முடிவையல்ல, பெருமை பேசும் பாட்டை. முப்பது ஆண்டுகளாக விழாக்களில் ஒலிப்பது அந்தப் பாட்டுதான். ஒரே படத்துக்குள் இரண்டும் இருந்தன; எதை எடுப்பது, எதை விடுவது என்று தேர்ந்தெடுத்தவர்கள் ஊர்ப் பெரியவர்கள். ஒலிபெருக்கிக்காரரிடம் எந்தப் பாட்டைப் போடு என்று சொன்னது பத்து வயதுப் பையன் அல்ல.

காலக் கணக்கும் சினிமாப் பதிலுக்கு ஒத்துவரவில்லை. 1957இல் சாதிக் கலவரத்தில் முதுகுளத்தூர் பற்றி எரிந்தபோது இந்த அரிவாள் படங்கள் எதுவும் இல்லை. செல்போனும் இல்லை. சினிமா ஏற்கெனவே இருக்கிற பெருமைக்கு இசையமைத்துத் தரும். பள்ளியில் புகார் கொடுத்தவன் வீடு எது என்று ஒரு பையனுக்கு எந்தப் படமும் சொல்லித் தராது. ஆகவே சினிமாவுக்குக் குற்றத்தில் பங்குண்டு; முதல் குற்றவாளி அது அல்ல.

வயசுக் கோளாறா?

'இந்த வயதில் பையன்கள் கும்பல் சேர்ந்தால் சண்டை வரத்தான் செய்யும்' என்பது மூன்றாவது பதில். ஆசிரியர் அறைகளில் அதிகம் கேட்பது இதுதான். இதற்கும் ஒரு புகழ்பெற்ற சான்று இருக்கிறது. 1954இல் முசாஃபர் ஷெரீஃப் என்ற சமூக உளவியலாளர் அமெரிக்காவின் ஒக்லஹோமா மாநிலத்தில் ராபர்ஸ் கேவ் என்ற பூங்காவில் 22 பையன்களை முகாமுக்கு அழைத்துப்போனார். ஒருவரையொருவர் அறியாத, ஒரே மாதிரிப் பின்னணி கொண்ட, 11 வயதையொட்டிய பையன்கள். இரண்டு அணியாகப் பிரித்து, பரிசு வைத்துப் போட்டிகள் நடத்தினார். சில நாட்களுக்குள் அணிகளுக்குப் பெயரும் கொடியும் வந்தன, ஒருவர் கொடியை மற்றவர் எரித்தார்கள், இரவில் அறை புகுந்து சூறையாடினார்கள். பரம்பரைப் பகை எதுவும் இல்லாமலே பகை உண்டாக்க முடியும் என்பதற்கு இதைக் காட்டுவார்கள்.

ஆனால் அதற்கு முந்தைய ஆண்டு, 1953இல், இதே ஷெரீஃப் நடத்திய இன்னொரு முகாம் தோல்வியில் முடிந்தது. அங்கே பையன்கள் முதலில் ஒன்றாகப் பழகி நண்பர்களான பிறகே அணி பிரிக்கப்பட்டார்கள். பெரியவர்கள் ரகசியமாக மூட்டிவிட்டுப் பார்த்தும் அவர்கள் மோதிக்கொள்ளவில்லை. மூட்டிவிடுவது பெரியவர்கள்தான் என்று சந்தேகப்பட்டார்கள். முகாம் பாதியில் கைவிடப்பட்டது. இந்தத் தோல்வியைத்தான் நம் பள்ளிக்கல்வித் துறை சட்டமிட்டு மாட்டிவைக்க வேண்டும். பையன்கள் சேர்ந்தாலே சண்டை என்பது இயற்கை விதியானால் 1953லும் சண்டை வந்திருக்க வேண்டும். முன்பே பழகியவர்களைப் பெரியவர்களால்கூடப் பிரிக்க முடியவில்லை என்பதுதான் அங்கே நடந்தது.

ராபர்ஸ் கேவ் முகாமுக்கும் நம் வகுப்பறைக்கும் அடிப்படையான வேறுபாடு ஒன்று உண்டு. அங்கே இரண்டு அணியும் சமம். யார் வேண்டுமானாலும் வெல்லலாம், தோற்கலாம். நம் ஊரில் ஒரு அணி வெல்வதே குற்றம். 2025 மார்ச்சில் தூத்துக்குடி மாவட்டத்தில், தேர்வு எழுதப் பேருந்தில் போய்க்கொண்டிருந்த பதினோராம் வகுப்புப் பட்டியல் சாதி மாணவனை வழிமறித்து வெட்டினார்கள். கைவிரல்கள் துண்டாயின. கபடிப் போட்டியில் அவன் அணி வென்றதுதான் காரணம் என்று குடும்பத்தார் சொன்னார்கள். விளையாட்டில் ஜெயித்தவனை, படிப்பில் முந்துகிறவனை, புகார் கொடுக்கத் துணிந்தவனைத் தேடிப் போகும் வன்முறை வயசுக் கோளாறு அல்ல. 'உன் இடம் எது என்று மறந்துவிட்டாய்' என்று நினைவூட்டும் வேலையை அது செய்கிறது. அந்த இடத்தைக் குறித்துவைத்தவர்கள் பெரியவர்கள்.

அனுமதி எப்படிக் கைமாறுகிறது

மூன்று பதில்களிலும் விடுபட்டது ஒன்றுதான். அதை அனுமதி என்று சொல்கிறேன். சமூகம் தன் பிள்ளைகளுக்கு அரிவாளை எடுத்துக் கையில் கொடுப்பதில்லை. பெரும்பாலான பெற்றோர் அதைக் கண்டால் பதறித்தான் போவார்கள். ஆனால் மூன்று விஷயங்களை அது நாள்தோறும் சொல்லிக்கொடுக்கிறது. யாரைத் தொடலாம், எதற்காகத் தொடலாம், தொட்ட பிறகு யார் உன் பின்னால் நிற்பார்கள். இந்த மூன்றுக்கும் விடை தெரிந்த பையனுக்கு வன்முறையைத் தனியாகக் கற்றுத்தர வேண்டியதில்லை.

தென்மாவட்டத்தின் எந்தச் சிற்றூருக்கும் கோயில் கொடை சமயத்தில் போய் அங்கு கட்டியிருக்கும் பிளக்ஸைப் பாருங்கள். மேலே சாதித் தலைவரின் படம். பக்கத்தில் சிங்கமோ புலியோ உறுமும். நடுவில் சாமி. கீழே பாஸ்போர்ட் அளவில் வரிசை வரிசையாக முகங்கள். கூலிங்கிளாஸ் போட்ட இளைஞர்கள், மீசை அரும்பாத பையன்கள், கடைசி வரிசையில் எல்கேஜி போகிற குழந்தை. பேருக்குப் பின்னால் சாதிப் பட்டம். தமிழ்நாடு இரண்டு மூன்று தலைமுறைக்கு முன்பே பேருக்குப் பின்னாலிருந்து வெட்டி எறிந்த பட்டத்தை அந்தக் குழந்தையின் பேரில் ஒட்டியது யார்? அதற்குக் காசு கொடுத்தவர் அப்பா அல்லது மாமா. அச்சடித்தவர் கடைக்காரர். அதன் கீழே நின்று சாமி கும்பிட்டுப் போனவர் அந்தக் குழந்தையின் வகுப்பாசிரியராகவும் இருக்கலாம். எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கும் வயதில் அந்தக் குழந்தை தன் பேரைப் பெரிய எழுத்தில் முதன்முதலாகப் பார்ப்பது அங்கேதான்.

தலைவர் நினைவு நாளில் புறப்படும் வேன்களையும் பார்க்க வேண்டும். கூரைமேல் நின்றுகொண்டும் படியில் தொங்கிக்கொண்டும் போகிறவர்களில் பாதிப் பேர் பள்ளிக்கூட வயதுப் பிள்ளைகள். தலைவர் படம் போட்ட பனியன், கையில் கொடி. நெடுஞ்சாலையில் விரைகிற வேன் ஒரு குறிப்பிட்ட தெருமுனை வந்ததும் மெதுவாகும். ஹாரன் நீளும், கோஷம் உரக்கும். போலீஸ்காரர்கள் கயிறு பிடித்துக்கொண்டு நிற்பார்கள். எந்தத் தெருவில் குரலை உயர்த்த வேண்டும் என்று அந்தப் பிள்ளைகளுக்கு யாரும் பாடம் எடுக்கவில்லை. வேனின் வேகம் குறைவதிலேயே அது புரிந்துவிடுகிறது. காவல்துறையே பாதுகாப்புக்கு நிற்கும்போது அது தவறு என்று பத்து வயதுப் பிள்ளைக்கு எப்படித் தெரியும்?

இனி 1965ஆம் ஆண்டு ஆய்வுக்குத் திரும்பிப் பார்க்கலாம். அடித்தவருக்கு என்ன நடந்தது என்பதைப் பார்த்தே குழந்தைகள் முடிவெடுத்தார்கள். நம் பிள்ளைகள் எதைப் பார்த்தார்கள்? 2015 ஜூனில் ஓமலூரைச் சேர்ந்த பொறியியல் பட்டதாரி கோகுல்ராஜ், வேறு சாதிப் பெண்ணோடு பேசினார் என்பதற்காகக் கொல்லப்பட்டார். அவ்வழக்கில் தேடப்பட்ட யுவராஜ் தலைமறைவாக இருந்தபடியே வாட்ஸ்அப்பில் குரல் பதிவுகள் வெளியிட்டார். நாமக்கல்லில் சரணடைய வந்தபோது ஆதரவாளர்கள் கூட்டமாகத் திரண்டார்கள். 2022 மார்ச்சில்தான் அவருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. 2023இல் உயர்நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. நீதி கிடைத்தது, மறுக்கவில்லை. ஆனால் கூட்டத்தை 10 வயதில் பார்த்த பையன் தண்டனைச் செய்தியைக் கேட்கும்போது அவனுக்கு 17 வயது. அவனுடைய பிள்ளைப் பருவம் முழுக்க அவன் கண்டது பாராட்டுதான். தண்டனை வந்து சேர்ந்தபோது அவன் கற்க வேண்டியதைக் கற்று முடித்துவிட்டான். பாண்டூராவின் ஆய்வில் விளைவு அடுத்த நிமிடமே வந்தது. நம் நாட்டில் பாராட்டு உடனே வருகிறது, தண்டனை ஏழு ஆண்டு கழித்து வருகிறது. குழந்தைக்கு எது பாடமாகும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

கொங்கு நாட்டு எடுத்துக்காட்டை வேண்டுமென்றே எடுத்தேன். இது ஒரு சாதியின், ஒரு மாவட்டத்தின் நோய் என்று ஒதுக்கிவிட முடியாது. 1997இல் விருதுநகர்ப் பகுதிக்கான போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை அரசு வைத்தது. தலித் தலைவர் பெயர் தாங்கிய பேருந்தில் ஏற மாட்டோம் என்று எதிர்ப்புக் கிளம்பிக் கலவரமானது. கடைசியில் மாவட்டங்களுக்கும் போக்குவரத்துக் கழகங்களுக்கும் இருந்த எல்லாத் தலைவர்களின் பெயர்களையும் அரசு நீக்கியது. ஒரு பெயருக்காகப் பேருந்தைப் புறக்கணித்தவர்கள் பள்ளிப் பிள்ளைகள் அல்ல, வளர்ந்தவர்கள். எதிர்த்தவர்கள் வென்றார்கள் என்பதும் பிள்ளைகளின் காதில் விழுந்திருக்கும்.

இந்த வாதத்துக்கு வரும் எதிர்ப்புகள்

என் வாதத்தையும் அதே உரைகல்லில் வைக்க வேண்டும். முதல் எதிர்ப்பு: எல்லாச் சாதிப் பிள்ளைகளும்தான் கையில் சாதி நிறக் கயிறு கட்டுகிறார்கள், பட்டியல் சாதி மாணவர்களும் திருப்பி அடிக்கிறார்கள், ஒரு பக்கத்தை மட்டும் சொல்லலாமா? திருப்பி அடிக்கிறார்கள் என்பது உண்மை. 2022 ஏப்ரலில் அம்பாசமுத்திரம் அருகே ஓர் அரசுப் பள்ளியில் கையில் கட்டிய கயிற்றை வைத்து மூண்ட சண்டையில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் ஒருவர் இறந்தார். எந்த வீட்டுப் பிள்ளை இறந்தாலும் துக்கம் ஒன்றுதான். ஆனால் மேலே இருப்பவன் கட்டும் கயிறு 'நான் யார் தெரியுமா' என்று மிரட்டுகிறது. கீழே தள்ளப்பட்டவன் கட்டும் கயிறு 'நாங்கள் தனியாக இல்லை' என்று தற்காக்கிறது. இரண்டும் கடைசியில் பிள்ளைகளைச் சிறைப்படுத்தும், இரண்டும் போக வேண்டும். ஆனால் இரண்டையும் சமமாக எடைபோடுகிற நிர்வாகம், முதலில் மிரட்டியது யார் என்ற கேள்வியைத் தவிர்க்கவே அப்படிச் செய்கிறது. 'இரு தரப்பு மோதல்' என்று எழுதிவிட்டால் யாரையும் கேட்க வேண்டியதில்லை.

இரண்டாவது எதிர்ப்பு இன்னும் கூர்மையானது. அதே ஊர், அதே பிளக்ஸ், அதே வேன். ஆனால் பெரும்பாலான பிள்ளைகள் அரிவாளைத் தூக்குவதில்லையே? சரிதான். இதுவே என் வாதத்தின் எல்லை. அனுமதி வன்முறையைக் கட்டாயமாக்குவதில்லை, அதன் விலையைக் குறைக்கிறது. எல்லோருக்கும் விலை குறைந்திருக்கும்போது சிலர் வாங்குவார்கள். யார் வாங்குவார் என்பதில் வீடு, தோழர்கள், தோல்வி, குணம் எல்லாம் சேரும். அந்தச் சிலரை முன்கூட்டியே கண்டுபிடிக்க எந்த அரசாலும் முடியாது. விலையை ஏற்றுவது மட்டுமே அரசின் கையில் இருக்கிறது.

மூன்றாவது எதிர்ப்பு: எல்லாவற்றையும் சமூகத்தின் தலையில் போட்டால் வெட்டிய பையனுக்குப் பொறுப்பே இல்லையா? உண்டு. தங்கை தடுக்க வந்த கணத்தில்கூட நிறுத்தியிருக்கலாம், நிறுத்தவில்லை. 17 வயதுக்கு அந்த அளவு தெரியும். பதின்மூன்று பதினான்கு வயதுத் தங்கைக்குக் குறுக்கே பாயத் தெரிந்தது. ஆனால் பையனின் பொறுப்பு பெரியவர்களின் பொறுப்பைத் துடைத்துவிடாது. 2015ஆம் ஆண்டு இளஞ்சிறார் நீதிச் சட்டம், கொடுங்குற்றம் செய்த 16 முதல் 18 வயதுக்குட்பட்டவர்களைப் பெரியவர்களைப் போல விசாரிக்க வழிவைத்திருக்கிறது. ஒவ்வொரு சம்பவத்துக்குப் பிறகும் அதைக் கையிலெடுக்கச் சொல்லும் குரல் உரக்கக் கேட்கிறது. அது பையனைப் பெரியவனாக்கிவிட்டு, உண்மையான பெரியவர்களைக் கூண்டுக்கு வெளியே நிறுத்துகிறது. பையனைச் சீர்திருத்தும் தண்டனை வேண்டும். அனுமதி கொடுத்தவர்களை விட்டுவிட்டு அவனை மட்டும் பலியிடும் தண்டனை அடுத்த பையனைத் தடுக்காது.

மருந்துகளின் எடை

இந்த அளவுகோலோடு அரசு செய்ததையும் செய்யச் சொன்னதையும் பார்ப்போம். 2019 ஜூலை இறுதியில் பள்ளிக்கல்வி இயக்குநர் ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். சிவப்பு, மஞ்சள், பச்சை, காவி என்று நிறக் கயிறுகளைச் சாதி அடையாளமாகக் கட்டுவதையும், விளையாட்டு அணித் தேர்விலும் மதிய உணவு நேரத்திலும் அந்த அடையாளப்படி பிள்ளைகள் பிரிவதையும் பயிற்சி ஐஏஎஸ் அதிகாரிகள் கவனித்துச் சொன்னதன் பேரில் வந்த உத்தரவு அது. மத அடையாளத்தில் கைவைப்பதாக எதிர்ப்பு வந்ததும், அன்றைய கல்வி அமைச்சர் தனக்குத் தெரியாமல் அனுப்பப்பட்டது என்று சொல்லிப் பின்வாங்கினார். அந்தச் சுற்றறிக்கையின் பலன் பூஜ்யத்துக்கும் கீழே. கயிறு கட்டுவது தவறு என்று சில நாள் சொல்லிவிட்டு, பெரியவர்கள் சத்தம் போட்டால் அரசு பணியும் என்று பிள்ளைகளுக்குக் காட்டிவிட்டது.

நாங்குநேரிக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி கே. சந்துரு குழு 2024 ஜூன் 18 அன்று 610 பக்க அறிக்கையை முதல்வரிடம் கொடுத்தது. தமிழகத்தில் இந்தப் பொருளில் இவ்வளவு பொறுப்போடு எழுதப்பட்ட வேறு அரசு ஆவணத்தை நான் அறியேன். அதன் பரிந்துரைகளை இரண்டு வகையாகப் பிரிக்கலாம். பிள்ளைகளின் உடம்பில் கைவைப்பவை ஒரு வகை: கயிறு, மோதிரம், நெற்றிப் பொட்டு, சாதி நிறம் பூசிய சைக்கிள், செல்போன் ஆகியவற்றுக்குத் தடை. பெரியவர்களின் அதிகாரத்தில் கைவைப்பவை இன்னொரு வகை: ஓர் ஊரில் பெரும்பான்மையாக உள்ள சாதியைச் சேர்ந்தவரை அதே ஊரில் கல்வி அதிகாரியாகவோ தலைமையாசிரியராகவோ போடக் கூடாது, ஆசிரியர்களைக் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை இடம் மாற்ற வேண்டும், வருகைப் பதிவேட்டில் சாதி இருக்கக் கூடாது, அகரவரிசைப்படி இருக்கை, 500 பேருக்கு மேல் படிக்கும் பள்ளியில் நல அலுவலர், பள்ளிப் பெயர்களிலிருந்து சாதியை நீக்குதல்.

எதிர்ப்பு முழுவதும் முதல் வகையைப் பிடித்துக்கொண்டது. ஆதரித்தவர்களும் கயிற்றையே பேசினார்கள். என் கணிப்பில் முதல் வகைக்கு எடை குறைவு. கயிறு போனால் பொட்டு, பொட்டு போனால் சைக்கிள் நிறம் என்று அடையாளம் இடம் மாறுவதாலேயே அறிக்கை இத்தனையையும் பட்டியலிட வேண்டியிருக்கிறது. தடை வேண்டாம் என்று சொல்லவில்லை. காலையில் பள்ளி வாசலில் ஒவ்வொரு கையையும் பார்க்கும் ஆசிரியர் அன்று மாலை அதே நிறக் கொடிக்குக் கீழே நின்றால், தடை பிள்ளைகளுக்கு மட்டும் போட்ட விதியாகிவிடும் என்கிறேன்.

இரண்டாம் வகைதான் இந்த அறிக்கையின் உயிர். சீண்டப்பட்ட பிள்ளை புகார் சொல்லப் போகும் முதல் மேசை தலைமையாசிரியருடையது. அந்த மேசைக்குப் பின்னால் இருப்பவர் சீண்டியவனின் உறவா, ஊரா என்று யோசிக்க வேண்டிய நிலை இருந்தால் புகாரே பிறக்காது. பிறந்தாலும் அது பள்ளிச் சுவரைத் தாண்டிக் கசிவதை யாராலும் தடுக்க முடியாது. அகரவரிசை இருக்கையும் சின்ன விஷயம் அல்ல. ஷெரீஃபின் 1953ஆம் ஆண்டு முகாம் சொன்னது அதைத்தான்: பிரிப்பதற்கு முன்னால் பழகவிடுங்கள். பதினோராம் வகுப்பில் அல்ல, ஒன்றாம் வகுப்பிலிருந்தே அது நடக்க வேண்டும்.

ஆனால் குழுவுக்குக் கொடுத்த வேலையே கல்வி நிலையங்களைப் பற்றியது. மாலை மணி அடித்ததும் பிள்ளைகள் தனித்தனித் தெருக்களுக்குத்தான் திரும்புகிறார்கள். அங்கே பிளக்ஸ் இருக்கிறது, வேன் இருக்கிறது, 'நம்ம பையன்' என்று தட்டிக்கொடுக்கும் கை இருக்கிறது. அந்தப் பிளக்ஸுக்கு அனுமதி கொடுப்பது உள்ளாட்சி. வேன் போகும் பாதைக்கு அனுமதி கொடுப்பது காவல்துறை. ஊர்வலத்துக்கு மாலையோடு போவது எல்லாக் கட்சிகளும். பள்ளி ஒரு நாளில் ஏழெட்டு மணி நேரம் கற்பிப்பதை மீதி நேரம் முழுக்க இவர்கள் அழித்துக்கொண்டிருக்கிறார்கள்.

தீர்ப்பு

பிள்ளைகள் சமூகத்தின் வன்முறையை அப்படியே நகலெடுக்கிறார்கள் என்ற கூற்று பாதி உண்மை. அடியை அவர்கள் எங்கிருந்தும் கற்றுக்கொள்வார்கள், அதை முற்றிலும் மறைக்க முடியாது. சமூகத்திலிருந்து மட்டுமே கிடைப்பது அனுமதி: யார்மீது, எதற்காக, யார் துணையோடு என்ற மூன்று விடைகள். சினிமா அந்த அனுமதிக்குப் பாட்டுப் போடுகிறது, வயது அதற்கு வேகம் கொடுக்கிறது. பிறப்பிடம் பெரியவர்களின் நடத்தையில் இருக்கிறது. ஆகவே இந்தக் குற்றத்தில் முதல் பொறுப்பு, சாதிப் பெருமையைப் பிள்ளைகளின் பேரில் அச்சடித்தவர்களுக்கும், அதைத் தடுக்கும் அதிகாரம் இருந்தும் பாதுகாப்புக் கொடுத்து நின்றவர்களுக்கும் உரியது. இரண்டாவது பொறுப்புத்தான் பையனுடையது.

இனி அரசு கொண்டுவரும் ஒவ்வொரு நடவடிக்கையையும் ஒரே கேள்வியால் சோதிக்கலாம்: இது பிள்ளையிடமிருந்து எதையாவது பறிக்கிறதா, அனுமதி கொடுக்கும் பெரியவருக்குச் செலவு வைக்கிறதா? பள்ளி வயதுப் பிள்ளைகளின் படத்தைச் சாதிப் பதாகையில் போடுவதற்கும், அவர்களை ஊர்வல வேனில் ஏற்றுவதற்கும் பெற்றோரும் அமைப்பாளரும் சட்டப்படி பதில் சொல்ல வேண்டும். பள்ளியில் வரும் சாதிப் புகார் அன்றே ஊருக்கு வெளியிலுள்ள அதிகாரியிடம் போக வேண்டும். புகார் கொடுத்த பிள்ளையின் வீட்டுக்கு அன்றே பாதுகாப்பு வேண்டும். சாதிக் கொலை வழக்குகள் ஏழாண்டு இழுக்காமல், பார்த்த குழந்தை குழந்தையாக இருக்கும்போதே முடிய வேண்டும். சந்துரு அறிக்கையின் இரண்டாம் வகைப் பரிந்துரைகளை முதலில் நடைமுறைப்படுத்தி, கயிற்றை அதற்குப் பிறகு கேட்கலாம். பெரியவர்கள் கொடியை இறக்கிவிட்டுக் கேட்டால் பிள்ளைகள் கயிற்றை அவிழ்ப்பார்கள். அந்த வரிசையை மாற்றிப்போட்டு எந்த அரசும் இதில் வெல்லப்போவதில்லை.